பதினாலு குறை

நான் பொய் சொல்லலீங்க தம்பி. அதை முதல்லயே சொல்லிப்புடறேன். நீங்களும் உக்கடம் வரைக்குந்தானே? சரி, ஒரு மணி நேரம் இருக்குது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் சொன்னதுல எது பொய்யின்னு.

என்ர பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்சன்ல இருந்தேன். வர்ற சாமானை அளந்து பாக்கறதுதான் வேலை. நல்லா இருந்தா பச்சைச் சீட்டு. திருத்தோணும்னா மஞ்சச் சீட்டு. உருப்படாதுன்னா சிவப்பு. சீட்டை நூல்ல கோத்துக் கட்டி விட்டுருவேன். என்ர சீட்டு இல்லாம ஒரு போல்ட்டு வெளிய போகாது. மொதலாளியோட மச்சினன் அனுப்பின வார்ப்படத்துக்கே சிவப்பு கட்டித் திருப்பி உட்டவன் நான். மூஞ்சி பாக்கற வேலையே கெடையாது. ரிட்டயராகி ரெண்டு வருசமாச்சு.

என்ர சம்சாரம் கோகிலவாணி. பொண்ணைக் கட்டிக் குடுத்துப் பூனாவுக்கு அனுப்பின பொறகு, வீட்ல சும்மா இருக்க முடியலைன்னு ஒரு வகுப்புக்குப் போனா. கணபதியில ரெஜினான்னு ஒரு டீச்சரம்மா நடத்தறாங்க. தையல் வகுப்பா இருக்கும்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் வெரல்ல கட்டோட வந்தா. "என்னாச்சு?"ன்னேன். "உளி பட்டுருச்சுங்க"ன்னா. அப்பத்தான் தெரிஞ்சுது, மரவேலை. அம்பத்திநாலு வயசுல! சரி, போகட்டும்னு உட்டுட்டேன். நான் எதையும் தடுக்கறவன் இல்லீங்க.

ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை. சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வர்றேன். மேசையைத் துடைச்சு, ஒரு துண்டை விரிச்சு, அது மேல ஒரு பெட்டியை வெச்சிருக்கறா. அவ செஞ்சது. அஞ்சு மாசம் செஞ்சிருக்கறா. தேக்கு. ஒண்ணரைச் சாண் நீளம் இருக்கும். மூடி மேல ஆவாரம்பூ. பலா மரம் மஞ்சளா இருக்குமல்ல, அதை இதழ் இதழா அறுத்துப் பதிச்சிருந்தா. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துது. நான் இல்லைங்கல.

"எப்படி இருக்குதுங்க? உள்ளதைச் சொல்லோணும்"னா.

கவனிச்சீங்களா? உள்ளதைச் சொல்லோணும். அவ வாயாலயே சொன்னா.

நான் போயி மில்லிக் கணக்குல அளக்கற வெர்னியரை எடுத்துட்டு வந்தேன். மட்டப்பலகை, மெல்லிசு அளக்கற தகடு, கண்ணாடி எல்லாம் எடுத்துட்டு வந்தேன். ஒருத்தர் அஞ்சு மாசம் உழைச்ச சாமானைச் சும்மா கண்ணுல பாத்துட்டு 'நல்லாருக்குது'ன்னு சொல்றது மரியாதை இல்லீங்க தம்பி. அளந்து பாக்கறதுதான் மரியாதை. ஒண்ணே கால் மணி நேரம் பாத்தேன். மொதல்ல பக்கத்துல நின்னுட்டு இருந்தா. அப்பறம் உக்காந்தா. ஒன்பதாவது குறையை எழுதறப்ப எந்திரிச்சுப் போயி அடுப்படியில பாத்திரம் கழுவுனா. கழுவுன பாத்திரத்தையே மறுபடி கழுவுன மாதிரி எனக்குக் கேட்டுது.

மொத்தம் பதினாலு. எழுதிக் குடுத்தேன். பின்பக்க மூலை நேரா இல்ல. மூடி இடது பக்கம் அரை மில்லி தூக்குது. கீல் திருகு ரெண்டு சாஞ்சிருக்குது. அடிப்பலகையில கோந்து வழிஞ்சு காஞ்சிருக்குது. பூ மூடியோட சமமா இல்லாம ஒரு மில்லி மேல நிக்குது. உள்ள நாலு அறை, நாலும் நாலு அளவு. இப்படி. எழுதி, கார்பன் வெச்சு நகல் எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். கம்பெனிச் சீட்டு கொஞ்சம் அலமாரியில மிச்சம் இருந்துது. அதுல ஒண்ணைப் பெட்டி மூடியில கட்டினேன்.

மஞ்சச் சீட்டு தம்பி. சிவப்பு இல்ல. வேற யாராவது செஞ்சிருந்தா சிவப்புதான். மனசார மஞ்சளுக்கு எறங்கி வந்தேன்.

தாளை ரெண்டு தடவை படிச்சா. அழுகல. சண்டை போடல. "இவ்வளவுதானுங்களா?"ன்னா. "இவ்வளவுதான்"னேன். "வேற ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லீங்களா?"ன்னா. "கேக்கறதுக்கு என்ன இருக்குது, பாத்தாலே தெரியுதே"ன்னேன். பெட்டியைத் துண்டோட சுத்தி எடுத்துட்டு உள்ள போயிட்டா. அன்னைக்குக் கண்ணுல பாத்ததுதான். அதுக்கப்பறம் வீட்ல அந்தப் பெட்டியே இல்ல.

அப்ப ஆரம்பிச்சதுங்க. மூணு மாசம்.

சண்டைன்னா பரவாயில்ல தம்பி. சண்டை போட்டா ரெண்டு வார்த்தை நாமளும் பேசலாம். இவ ஒண்ணும் பேசல. மூணு வேளையும் சோறு வருது. துணி துவைச்சு மடிச்சு வெச்சிருக்குது. ஆனா எதையும் கேக்கறதில்ல. முன்னெல்லாம் புதுச் சேலை கட்டுனா "எப்படி இருக்குதுங்க?"ம்பா. கொழம்பு வெச்சா "காரம் சரியா இருக்குதுங்களா?"ம்பா. நானும் உள்ளதைச் சொல்லுவேன். அது நின்னு போச்சு. ஒரு நாள் நானே, "ரசத்துல உப்பு கம்மி"ன்னேன். எந்திரிச்சுப் போயி உப்பு டப்பாவையே கொண்டாந்து தட்டு முன்னால வெச்சுட்டுப் போயிட்டா. டப்புனு வெக்கலீங்க. மெதுவா வெச்சா.

வகுப்பு சனிக்கெழமை மட்டும்னு இருந்துது, அப்பறம் வாரத்துல நாலு நாள் ஆயிப்போச்சு. காலையில பத்து மணிக்கு எனக்குச் சோத்தை எடுத்து வெச்சுட்டுப் போனா, பொழுதோடதான் வருவா. "எங்க போறே?" "வகுப்புக்குங்க." அவ்வளவுதான்.

இது எல்லாத்துக்கும் அந்த டீச்சரம்மாதான் காரணம்னு எனக்குப் பட்டுது. சரி, நேர்லயே பாத்துருவோம்னு ஒரு நாள் கணபதிக்குப் போயிட்டேன். தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பேரு அறுத்துட்டும் இழைச்சுட்டும் இருக்கறாங்க. இவ அன்னைக்கு அங்க இல்ல. நான் உள்ள நொழையறேன், அந்த ரெஜினா டீச்சர் தலையைத் தூக்கிப் பாத்து, "சார், நீங்க பதினாலு பாயிண்ட் சார்தானே?"ங்கறாங்க.

பாத்தா, செவுத்துல என்ர தாள்! ஆணி அடிச்சு மாட்டியிருக்குது. என்ர கையெழுத்து, தேதி எல்லாம். எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு தம்பி. பரவாயில்லையே, எல்லாரும் பாத்துப் படிக்கட்டும்னுதானே மாட்டியிருக்கறாங்கன்னு நெனச்சேன். அங்க இருந்த ரெண்டு பொண்ணுக வாயைப் பொத்திட்டுத் திரும்பிக்கிச்சுக. வெக்கம் போல இருக்குது.

"எப்படி இருக்குது நம்ம ரிப்போர்ட்டு?"ன்னு கேட்டேன்.

டீச்சரம்மா நாகர்கோவில் பக்கம். பட்டுனு பேசறவங்க. "நல்ல கண்ணு சார் உங்களுக்கு. பன்னெண்டு சரி. அந்தப் பன்னெண்டையும் கோகிலாக்கா ஒண்ணொண்ணா உக்காந்து சரி பண்ணிட்டாங்க. ஒரு கீலுக்கு மூணு நாள் மல்லுக்கட்டினாங்க. ஆனா ரெண்டு தப்பு சார்"னாங்க.

"எது தப்பு?"

"நீங்க எழுதினதுல ரெண்டு தப்பு."

எனக்குக் காதெல்லாம் சூடாயிப் போச்சு. முப்பத்தோரு வருசத்துல என்ர ரிப்போர்ட்டு ஒண்ணு தப்புன்னு திரும்பி வந்தது கெடையாதுங்க. "எந்த ரெண்டு?"ன்னேன். "எங்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? செஞ்சவங்க உங்க வீட்லதானே இருக்காங்க"ன்னாங்க. அப்பறம் அவங்களே, "அந்தப் பொட்டி எதுக்குன்னு கேட்டீங்களா சார்?"ன்னாங்க. "பொட்டின்னா எதையாவது போட்டு வெக்கத்தான்"னேன். அவங்க இழைப்புளியை எடுத்துட்டு வேலைக்குத் திரும்பிட்டாங்க.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. எந்த ரெண்டு? நகலை எடுத்து வெச்சுட்டுப் பாக்கறேன். மூலையா? திருகா? கோந்தா? கோந்து வழிஞ்சதைக் கண்ணால பாத்தேனே! சாப்பிடறப்ப இவகிட்டக் கேட்டேன், "எந்த ரெண்டு தப்பு?"ன்னு. என்னை நிமுந்து பாத்தா. "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"ன்னா. "திருத்திக்குவேன்"னேன். "அப்பவும் தாளைத்தானே திருத்துவீங்க"ன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. தாள்ல தப்பு இருந்தா தாளைத்தானே திருத்தோணும்?

பெட்டி கைக்கு வந்தா நானே கண்டுபுடிச்சுருவேன். மறுபடி ஒரு தடவை அளந்தாப் போதும். அதனால, அவ வகுப்புக்குப் போன ஒரு நாள், அவ பீரோவைத் தொறந்தேன். இதை ஏன் மறைக்கோணும்? என்ர வீட்டு பீரோதானே. சேலையெல்லாம் எடுத்துக் கட்டில்ல அடுக்கினேன். அடுக்கு கலையாமத்தான் எடுத்தேன். பெட்டி இல்ல. ஆனா கீழ்த்தட்டுல, ஒரு மணிபர்சுல, பஸ் டிக்கெட்டு. ஒரு கத்தை. ரப்பர் பேண்டு போட்டு. எல்லாம் பொள்ளாச்சி டிக்கெட்டு. போக ஒண்ணு, வர ஒண்ணு.

பொள்ளாச்சியில இவ தங்கச்சி இருக்கறா, திலகா. சக்கரை வியாதி. ரெண்டு வருசத்துக்கு முந்தி கண்ணு ரெண்டும் போயிருச்சு. போயிப் பாத்துட்டு வரலாம்னு இவ கூப்பிட்டுட்டே இருந்தா. நானும் போகலாம் போகலாம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். போகக் கூடாதுன்னு இல்லீங்க. கண்ணு போனவகிட்ட உக்காந்து என்னத்தைப் பேசறது சொல்லுங்க? 'நல்லாருக்கறயா'ன்னு கேக்க முடியுமா?

நான் டிக்கெட்டைக் கையில வெச்சுட்டு நிக்கறேன், கதவுகிட்ட இவ நிக்கறா. எப்ப வந்தான்னே தெரியல. கட்டில் மேல சேலை, கீழ சேலை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறோம்.

நாந்தான் மொதல்ல பேசினேன். "வகுப்புக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கிட்டச் சொல்லாம எத்தனை தடவை பொள்ளாச்சிக்குப் போயிருக்கறே?"

"எண்ணிட்டீங்கல்ல? நீங்களே சொல்லுங்க"ன்னா.

"பதினொண்ணு"ன்னேன். எண்ணித்தான் இருந்தேன்.

"நீங்க வரலீங்க. அதனால நான் போனேன்"னா. குரல் ஏறல. உள்ள வந்து சேலையெல்லாம் எடுத்தா. பீரோவுக்குள்ள வெப்பான்னு பாத்தேன். நாலு சேலையைப் பையில வெச்சா. "திலகாவுக்குக் கால்ல புண்ணு. அவ வீட்டுக்காரர் தேங்கா நார் மில்லு வேலைக்குப் போயிருவாரு, பக்கத்துல இருக்க ஆளில்ல. நான் போறேன்"னா. "எப்ப வருவே?"ன்னேன். "பாக்கலாமுங்க."

ஒன்பது நாளாச்சு தம்பி. ஒன்பது நாளும் ஓட்டல் சோறு. போன் பண்ணினா எடுக்கறா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்கறா. "சாப்பிட்டேன்"னா, "சரீங்க"ன்னு வெச்சர்றா. பொண்ணு பூனாவுல இருந்து போன் பண்ணி, "அப்பா, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"ன்னு கேக்கறா. என்னத்தைச் சொன்னேன்? அளவு சொன்னேன்.

இன்னைக்குக் காலையில நானே கெளம்பிட்டேன். நகலைச் சட்டைப் பையில வெச்சுட்டேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரட்டும்னு.

பதினொரு மணிக்குப் போயிச் சேர்ந்தேன். கதவைத் தொறந்து, "வாங்க"ன்னா. அவ்வளவுதான். உள்ள திலகா நாற்காலியில உக்காந்திருக்கறா, கால்ல பெரிய கட்டு. எளைச்சுப் போயிட்டா. என்ர செருப்புச் சத்தத்தை வெச்சே, "வாங்க மாமா, ரெண்டு வருசங் கழிச்சு வழி தெரிஞ்சுதா?"ன்னு சிரிச்சா. அவ மடியில அந்தப் பெட்டி.

நான் பெட்டியைத்தான் பாத்தேன். தப்புங்களா? மூணு மாசமாத் தேடின சாமான். குனிஞ்சு பாத்தேன். மூலை சரி. மூடி சரி. கீல் சுத்தம். டீச்சரம்மா சொன்னது நெசம், பன்னெண்டும் சரியா இருந்துது. பச்சை கட்டலாம், அப்படி ஒரு வேலை. ஆனா பூ அப்படியே மேல தூக்கிட்டு நிக்குது. மூடியைத் தொறந்தா, நாலு அறையும் நாலு அளவு.

"இந்த ரெண்டையும் திருத்தவே இல்லையே!"ன்னேன்.

"எதுங்க மாமா?"ன்னு கேட்டா திலகா.

சொன்னேன். அவ சிரிக்கல. பெட்டியை மடியில ஒரு சுத்துச் சுத்தி, கையை மூடி மேல வெச்சா. வெரல் பூவுல பட்ட உடனே நின்னுருச்சு. "பூ இருக்கற பக்கம் முன்பக்கம் மாமா"ன்னா. தொறந்தா. "பெரிய அறை காலையில போடற மாத்திரை. அதுக்கடுத்தது மத்தியானம். சின்னது ராத்திரி. இந்தக் குட்டி அறையில என்ர தோடு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கழட்டி வெக்கச் சொல்றாங்க." மத்தியான மாத்திரையை ரெண்டே நொடியில எடுத்துக் காட்டுனா. "முன்ன ஒரு தடவை ராத்திரி மாத்திரையை மத்தியானம் போட்டுட்டு மயங்கி விழுந்துட்டேன் மாமா. அக்கா அன்னைக்கு அழுதா பாருங்க, அப்படி அழுதா."

வாயில வந்துது, கேட்டுட்டேன். "மாத்திரைக்கு அறை சரி. கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு இத்தனை பூவு, இத்தனை இதழு? ஒரு புள்ளி வெச்சாப் போதாதா?"

கோகிலா அப்பத்தான் வாயைத் தொறந்தா. "அவ வெரலுக்கு அழகா ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சேனுங்க."

திலகா அந்தப் பூவை ஒவ்வொரு இதழாத் தடவிட்டே இருந்தா. தடவின எடம் பளபளன்னு ஆயிருக்குது தம்பி. எண்ணெய் போட்ட மாதிரி.

எனக்குக் கோவமும் வந்துது. ஏன் வராது? "இது திலகாவுக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ரெண்டையும் நான் எழுதியே இருக்க மாட்டேனே! ஏன் சொல்லல?"ன்னேன்.

"நீங்க கேப்பீங்கன்னு நின்னுட்டு இருந்தனுங்க. நீங்க வெர்னியர் எடுக்கப் போயிட்டீங்க"ன்னா.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? நகலை வெளிய எடுத்தேன். அஞ்சாவது, பத்தாவது, ரெண்டையும் அடிச்சேன். பக்கத்துல சின்னக் கையெழுத்து, இன்னைக்குத் தேதி. அவ கையில குடுத்தேன். தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கறவன் நான். கம்பெனியில எத்தனை பேரு ஒத்துக்குவாங்க? வாங்கிப் பாத்தா. மடிச்சு, சன்னல்ல வெச்சு, அது மேல ஒரு டம்ளரைக் கவுத்தா. "சாப்பிட்டுப் போங்க"ன்னா.

சாப்பிட்டேன். எதுத்தாப்பல உக்காந்தா. அப்பத்தான் சொன்னா, தணிஞ்ச குரல்ல, அடுத்த அறைக்குக் கேக்காம. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். கால் கட்டை வெரலை எடுக்கோணும்னு சொல்றாங்க. இன்னும் அவகிட்டச் சொல்லல."

நான் கையைக் கழுவினேன்.

"இருக்கறதுன்னா இருங்க"ன்னா.

நீங்களே சொல்லுங்க தம்பி. அதுக்கு என்ன அர்த்தம்? இருந்தாலும் சரி, போனாலும் சரி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னுதானே? நானும் யோசிச்சேன். இருந்து நான் என்ன பண்ணப் போறேன்? டாக்டருக்கு நான் அளந்து குடுக்க முடியுமா? அந்த ஆஸ்பத்திரி வாசமே எனக்கு ஆகாது. "நாளைக்கு சிலிண்டர் வருது, வீட்ல ஆள் இருக்கோணும்"னேன். "சரீங்க"ன்னா. வந்து பஸ் ஏறிட்டேன்.

என்னங்க தம்பி? சத்தமாச் சொல்லுங்க, இந்த வண்டி போடற சத்தத்துல கேக்க மாட்டேங்குது.

இருக்கத்தான் சொன்னாங்கங்கறீங்களா?

அதெப்படிங்க? 'இருக்கறதுன்னா'ன்னு முன்னால ஒண்ணு போட்டாளல்ல.

ம்.

இல்ல, யோசிச்சுப் பாக்கறேன். மூணு மாசமா அவ எங்கிட்டத் தனக்குன்னு ஒண்ணுமே கேக்கல. ஒண்ணே ஒண்ணு கூட. அப்ப இது... இது கேட்டதுங்களா?

நான் செருப்பு மாட்டற வரைக்கும் கதவைப் புடிச்சுட்டு நின்னா தம்பி. கேட்டைத் தாண்டற வரைக்கும் நின்னா. நான் திரும்பி அவளைப் பாக்கல. அந்தக் கேட்டுக் கொண்டி சரியா விழுகுதான்னு பாத்துட்டு இருந்தேன். அது விழுகல, ரெண்டு தடவை தூக்கித் தூக்கிப் போட்டேன். அப்பவும் அங்கதான் நின்னுட்டு இருந்தா.

இது எந்த ஊருங்க? கிணத்துக்கடவா? இங்கிருந்து திரும்பப் பொள்ளாச்சிக்கு பஸ் இருக்குமல்ல?

சிலிண்டரா? அது கெடக்குது. பக்கத்து வீட்ல வாங்கி வெப்பாங்க.

கண்டக்டர்! நிறுத்துங்க, ஆள் எறங்கோணும்! தம்பி, சித்த காலை ஒதுக்குங்க.